பழைய மோட்டார் வண்டியைத் தெரிந்து தெளிதல்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருட் கடைகளுக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். செட்டிநாட்டு வீடுகளினின்றும் பெயர்த்துக் கொணர்ந்த தேக்கங் கதவுகளும் நிலைகளும் தூண்களும் அங்கே சுவரிற் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். புதியராய் வருவோர் கதவின் முன்புறத்துச் சிற்ப வேலையைக் கண்டு வியந்து விலை கேட்பர். தொழிலறிந்த வியாபாரியோ கதவைத் திருப்பி வைத்துப் பின்புறத்தையே முதலில் நோக்குவார். முன்புறம் எண்ணெயிட்டு மெருகேற்றப்பட்டிருக்கும். ஒட்டுப் போட்ட மரமும், புதிய ஆணியும், மக்கு அடைத்த பிளவும் பின்புறத்திலேதான் வெளிப்படும். குற்றத்தை மறைப்பவன், பிறர் கண் எங்கே செல்லும் என்று எண்ணுகின்றானோ அங்கேயே மறைக்கின்றான். அவன் எண்ணாத இடத்தில் உண்மை தங்கிவிடுகின்றது. ஒருவர் ஓட்டிக் கழித்த மோட்டார் வண்டியை விலைக்கு வாங்குவோர்க்கும் இதனினும் சிறந்த இலக்கணம் இல்லை என்பது எம் கருத்து.

தமிழிலக்கியம் பயிலுவோர்க்கு மோட்டார் வண்டியின்கண் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். ஆதலின் எமக்கு இவ்விஷயத்தில் நாட்டம் பிறந்த வரலாற்றை முதலிற் கூறிவிடுவோம். எம் ஊர்ப் பக்கத்துக் குருவானவர் ஒருவர்க்குக் கிராமச் சபைகள் ஐந்தாறு உண்டு. ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் வெயிலென்றும் மழையென்றும் பாராது அவர் சுற்றி வருவதைக் கண்டு இரங்கிய சபையார், அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் மிஞ்சிய தொகையோடு வீட்டுக்கு வீடு சேர்த்த பணத்தையும் கூட்டி, 3,10,000 ரூபாய்க்கு ஒரு வண்டி வாங்கினர். அது 2014ஆம் ஆண்டில் செய்யப்பட்டது, வெண்ணிறம், செட்டிநாட்டுச் சுண்ணச் சுவரைப் போல முகம் தெரியும்படி பளபளத்தது. ஒரு டாக்டர் ஓட்டிய வண்டி என்றார் தரகர். (தமிழ்நாட்டில் விலைக்கு வரும் பழைய வண்டிகள் அனைத்தையும் டாக்டர்களே ஓட்டியிருப்பின், நோயாளிகளைப் பார்க்க அவர்களுக்கு நேரம் எங்ஙனம் வாய்த்தது என்பது எமக்கு விளங்கவில்லை.) "வண்டி நல்ல வண்டிதானா?" என்று குருவானவர் கேட்டார். "நல்ல வண்டி, ஐயா" என்று விடை வந்தது. பணம் கைமாறிற்று.

நாலாயிரம் கிலோமீட்டர் ஓடுமுன்னரே முன்புறத்து இடச் சக்கரத்தின் டயர் உள்விளிம்பில் மட்டும் நூல் தெரியத் தேய்ந்துவிட்டது. சக்கரங்களின் நேர்மையைச் சரிபார்க்கும் கடையில் இரண்டு முறை முயன்றும் அளவு பொருந்தவில்லை. அக்கடைக்காரர் வண்டியின் மூடியைத் தூக்கி, விளக்கைப் பிடித்து, எஞ்சினுக்குப் பக்கத்திலுள்ள இரும்புத் தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். பின்பு, இது டயரின் குற்றமன்று என்றார். அன்று அவர் அருகில் நின்று கண்டவற்றையும், பின்னர் டிங்கர் வேலை செய்வோரிடமும் நூல்களிலும் யாம் கேட்டும் கற்றும் அறிந்தவற்றையும் ஈண்டுத் தருகின்றோம்.

முதலாவது அறிய வேண்டுவது, வண்டிக்குத் தோல் என்றும் எலும்பு என்றும் இரண்டு உண்டு என்பது. கதவின் மேற்றகடு, முன் மூடி, மட்கார்டு, பம்பர் என்பன தோல். இவற்றிற் பெரும்பாலன திருகாணியால் மாட்டப்பட்டவை. சிதைந்தால் கழற்றி எறிந்து புதியது பூட்டலாம். நகரத்தில் ஓடும் வண்டிக்குத் தோலில் அடிபடாமை அரிது. ஆட்டோவோடு உராய்ந்த வண்டியைத் திரும்ப வண்ணம் பூசினர் என்பதற்காக அதனை வேண்டாமென்று தள்ளுதல் பேதைமை. எலும்போ வேறு. பொலேரோ, ஸ்கார்பியோ, இன்னோவா போன்ற சில வண்டிகளுக்கு ஏணி போன்ற தனிச் சட்டம் அடியில் உண்டு. சிறு கார்களிற் பெரும்பாலனவற்றுக்கு அத்தகைய சட்டம் கிடையாது. அழுத்திய இரும்புத் தகடுகளை ஆயிரக்கணக்கான புள்ளிகளில் பற்றவைத்து ஆக்கிய கூடே அவற்றின் எலும்பு. எஞ்சினுக்கு இருபுறமும் நிற்கும் ஏப்ரான் தகடுகள், அவற்றின் கீழே நீளும் நீண்ட உத்தரங்கள், கதவுகளுக்கிடையேயுள்ள தூண்கள், தரை ஆகியன அக்கூட்டின் முதன்மையான உறுப்புகள்.

இக்கூட்டின் முன்பகுதி மடங்குதற்கென்றே செய்யப்பட்டது என்பதைப் பலர் அறியார். வண்டி முழுதும் கல்லைப்போல் உறுதியாக இருத்தலே நலம் என்று முற்காலத்தார் கருதினர். அவ்வாறிருப்பின் மோதலின் வேகம் முழுதும் உள்ளிருப்பவர் உடலைத் தாக்கும் என்பதை உணர்ந்து, நடுவறையை உறுதியாகவும் முன்னும் பின்னும் உள்ள பகுதிகளை மடங்கக்கூடியனவாகவும் அமைக்கும் முறையை மெர்சிடஸ் பென்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த பெலா பரேனி என்னும் பொறியறிஞர் 1950களின் தொடக்கத்தில் வகுத்தார். 1959இல் அந்நிறுவனத்தின் வண்டியொன்றில் அது செயல்வடிவம் பெற்றது. மடங்கும் பகுதி தன்னை அழித்துக்கொண்டு மனிதனைக் காக்கின்றது. ஆனால் ஒருமுறைதான் காக்கும். மடங்கிய உத்தரத்தைச் சங்கிலியிட்டு இழுத்து நிமிர்த்திப் பட்டி பூசி வண்ணம் அடித்துவிட்டால் பார்வைக்குப் பழையபடியே தோன்றும். அடுத்த மோதலில் அது எங்கே மடங்கும், எவ்வளவு மடங்கும் என்று யார் சொல்லவல்லார்? ஆகவே இஃது வெறும் பணநட்டம் பற்றிய விஷயமன்று. குருவானவர் பல நாள் தம் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அவ்வண்டியில் ஏற்றிக்கொண்டு தேவகோட்டைச் சாலையில் சென்றிருக்கின்றார்.

இனி ஆராயும் முறை. வண்டியைப் பகலில், உலர்ந்த நிலையில் பார்க்கவேண்டும். அப்போதுதான் கழுவி நீர் சொட்டச் சொட்ட நிறுத்திய வண்டியும், மாலை மயங்கிய பின் காட்டும் வண்டியும் ஐயத்துக்குரியன. ஈரம் எல்லா வண்ணத்தையும் ஒன்றாக்கிவிடும். வண்டியின் ஒரு மூலையிற் குந்தி, பக்கவாட்டில் கண்ணை ஓட்டி, அத்தகட்டில் மின்கம்பமோ வீட்டுக் கூரையோ நிழலாடுவதை நோக்குக. நிழலின் கோடு ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே சுத்தியல் பட்டிருக்கின்றது. அடுத்துக் கதவுக்கும் மட்கார்டுக்கும், மூடிக்கும் விளக்குக்கும் உள்ள இடைவெளிகளை நோக்குக. வலப்புறத்து இடைவெளியும் இடப்புறத்து இடைவெளியும் ஒத்திருத்தல் வேண்டும். ஒருபுறம் விரல் நுழைய, மறுபுறம் நகமும் நுழையாதாயின் காரணம் கேட்க.

காந்தத்தைத் துணியிற் சுற்றி வைத்துப் பார்ப்பது பழைய உத்தி. இரும்பின்மேல் பட்டி தடித்திருந்தால் காந்தம் பற்றாது. பம்பர் பிளாஸ்டிக்; சில வண்டிகளில் மூடி அலுமினியம்; அங்கே காந்தம் பற்றவில்லை என்று விற்பவரோடு வழக்காடினால் நகைப்புக்கே இடமாகும். இப்போது பூச்சின் தடிப்பை அளக்கும் சிறு கருவி கிடைக்கின்றது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான் எனப்படும். தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். அதன்மேல் மறுமுறை வண்ணம் பூசியிருந்தால் 200, 300 எனக் காட்டும். பட்டி இருந்தால் 500ஐக் கடந்து 1000க்கும் மேலே செல்லும். கருவி கூறும் எண்ணைவிட, அடுத்தடுத்த தகடுகளின் எண்கள் தம்முள் ஒத்திருக்கின்றனவா என்பதே பெரிது.

இவை யாவும் தோலைப் பற்றியனவே. தோலில் குறிப்பைக் கண்டபின் எலும்புக்குச் செல்லவேண்டும். கதவின் பின்புறத்தை நோக்கும் வியாபாரியின் கண் ஈண்டுத்தான் வேண்டப்படுகின்றது. முன் மூடியைத் தூக்கி, அதன் கீலிலும் மட்கார்டின் மேல்விளிம்பிலும் உள்ள திருகாணிகளின் தலையைப் பாருங்கள். தொழிற்சாலையில் ஆணியைப் பூட்டிய பின்னரே வண்ணம் பூசுவதால் பல வண்டிகளில் அவற்றின் தலைமேல் வண்ணம் முழுமையாய்ப் படிந்திருக்கும். மூலையில் வண்ணம் பெயர்ந்து இரும்பு தெரிந்தால் அங்கே ஸ்பானர் புகுந்திருக்கின்றது. கதவோரத்து ரப்பர் பீடிங்கைச் சற்றே இழுத்துப் பார்த்தால், தொழிற்சாலை இட்ட பற்றவைப்புகள் பட்டாணி அளவில், ஒரே இடைவெளியில், வட்ட வட்டமான சிறு குழிகளாய்ச் செல்வது தெரியும். அவற்றை இட்டது இயந்திரக் கை, அது தவறாது. பழுது பார்க்கும் கொட்டகையில் பற்றவைத்த இடமோ மேடாக இருக்கும், அல்லது அரைத்துத் தேய்த்த கோடுகளோடு இருக்கும், அல்லது ஒன்றுமே இன்றி வழவழவென்று இருக்கும். வழவழப்பே குற்றத்தின் அடையாளமாவது இங்கேதான். எம் குருவானவர் வண்டியின் வலப்புற ஏப்ரானில் குழிகள் வரிசையாய் இருந்தன. இடப்புறத்தில் ஒன்றேனும் இல்லை. அதனைத்தான் அக்கடைக்காரர் விரலால் தடவிக் கண்டுபிடித்தார்.

ஈண்டு எம் ஊர்ப் பெருமையொன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. இரும்பு துருவேறுவதைப் பற்றி ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் உள்ளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் ஈந்ததால் எழுந்த நிலையம் அது. 1948 ஜூலை 25ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் நாள் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். துரு என்பது வெறும் அழுக்கன்று, மின்வினை என்பதை எம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் அந்நிலையத்தின் பெயரைக் கொண்டே அறிவர். அம்மின்வினையையே கருவியாக்கித் துருவைத் தடுக்கின்றனர். மோட்டார்த் தொழிற்சாலையில் வண்டியின் கூடு முழுவதையும் ஒரு பெருந்தொட்டியில் மூழ்குவித்து மின்னோட்டம் செலுத்துவர். அப்போது காப்புப் பூச்சு, கைக்கும் தூரிகைக்கும் எட்டாத சந்துபொந்துகளிலும் சென்று படியும். விபத்துக்குப் பின் வெட்டிப் பற்றவைக்கும்போது வெப்பத்தால் அப்பூச்சு எரிந்து போகின்றது. எந்தக் கொட்டகையிலும் அத்தொட்டி இல்லை. வெளிப்புறத்தில் வண்ணம் அடிக்கலாம். பெட்டி போன்ற உத்தரத்தின் உட்புறத்தில் அடிப்பது எங்ஙனம்? ஆதலின் பற்றவைத்த மூட்டில் இரண்டோர் ஆண்டில் உள்ளிருந்து துரு கிளம்பும். பத்தாண்டான வண்டி முழுதும் துருவின்றி, ஓர் இணைப்பில் மட்டும் செம்பழுப்பு நீர் கசிந்திருக்குமாயின் அவ்விடத்தில் நெருப்பு பட்டது என்று கொள்க. டிக்கியின் கம்பளத்தைத் தூக்கி, ஸ்டெப்னிச் சக்கரத்தை எடுத்து, அக்குழியின் அடித்தகட்டையும் இங்ஙனமே பார்த்தல் வேண்டும். பின்புறம் மோதப்பட்ட வண்டியின் வரலாறு அக்குழியிலேதான் எழுதப்பட்டிருக்கும். விற்பவரிற் பலர் அதனைத் துடைக்கவும் மறந்துவிடுகின்றனர்.

வண்டியில் காலத்தைக் கூறும் கல்வெட்டுகளும் உண்டு. ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் செய்தவர் முத்திரையும் செய்த காலத்தைக் காட்டும் குறியும் இருக்கும். எல்லாக் கண்ணாடிகளும் வண்டி பிறந்த காலத்தையொட்டியே இருத்தல் முறை. முன் கண்ணாடி ஒன்று மட்டும் மாறியிருந்தால் கவலையில்லை. லாரிச் சக்கரம் எறிந்த கல்லே அதற்குப் போதும். முன் கண்ணாடியும் இடப்பக்கத்துக் கதவுக் கண்ணாடியும் இட விளக்கும் சேர்ந்து மாறியிருந்தால் அது கல்லின் செயலன்று. இருக்கை வாரை முழுதும் வெளியே இழுத்தால் அதன் அடிப்புறத்தில் ஆண்டு குறித்த சீட்டு தைக்கப்பட்டிருப்பது காணலாம். எம் குருவானவர் வண்டி 2014. முன்னிருக்கை வார்கள் 2017. வார் தானாக முதுமையடைந்து மாற்றப்படுவது அரிது; பெருமோதலில் அதனை இழுத்துப் பூட்டும் சிறு வெடிமருந்து வெடித்தபின்னரே பெரும்பாலும் மாற்றுகின்றனர். அந்நிலையில் காற்றுப் பையும் விரிந்திருத்தல் வேண்டுமன்றோ? சாவியைத் திருப்பினால் காற்றுப் பையின் செந்நிற விளக்கு சில நொடி எரிந்து பின் அணைதல் வேண்டும். அணையாமல் எரிந்தால் பழுது என்பது வெளிப்படை. எரியவே இல்லையாயின் அது அதனினும் கொடிது. விளக்கையே பிடுங்கிவிட்டனர் என்பது பொருள். குருவானவர் வண்டியில் அவ்விளக்கு எரியவில்லை. சக்கரத்தின் நடுமூடியைக் கழற்றியபோது பை இருக்கவேண்டிய இடம் வெறுமையாய் இருந்தது.

ஓட்டிப் பார்க்கும்போது சமமான சாலையில் கைப்பிடியைச் சற்றே தளர்த்தினால் வண்டி நேரே செல்லவேண்டும். எம் பக்கத்துச் செம்மண் இதற்கு ஒரு பேருதவி. மழை பெய்து ஓய்ந்த பின் ஆளில்லாத செம்மண் திடலில் வண்டியை நேராக ஐம்பது அடி ஓட்டி, இறங்கிப் பின்சென்று தடத்தைப் பாருங்கள். முன் சக்கரத் தடமும் பின் சக்கரத் தடமும் இருபுறத்திலும் ஒரே அளவாகப் பொருந்துதல் வேண்டும். ஒருபுறம் பின்தடம் வெளியே ஒதுங்கியிருப்பின் வண்டி நண்டுபோற் பக்கவாட்டில் நடக்கின்றது; எலும்பு கோணியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மழையைக் குறிப்பிட்டதனால் வெள்ளத்தையும் ஒருசில சொல்லால் கூறிக் கடப்போம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலடித்த 2023 டிசம்பரிலும் சென்னையில் எண்ணற்ற வண்டிகள் நீரில் மூழ்கின. பிந்திய ஆண்டில் அதே மாதத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளிலும் அங்ஙனமே நேர்ந்தது. நீரில் மூழ்கிய வண்டிக்குத் தோலும் எலும்பும் குன்றாமல் நரம்பு மட்டும் கெட்டிருக்கும். வாரை இழுத்தால் சேற்றுக் கோடு, இருக்கையின் கீழுள்ள தண்டவாளத்தில் துரு, கம்பளத்தினடியில் நாற்றம் ஆகியவற்றால் அறியலாம்.

காகிதங்களால் இவற்றை அறிய இயலாதா என்று கேட்கலாம். பதிவுச் சான்றில் உரிமையாளர் பெயரும், எஞ்சின் எண்ணும், சேஸ் எண்ணும், கடன் குறிப்பும் உண்டு. விபத்து வரலாறு இல்லை. பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல், காப்பீட்டார் கைவிட்ட வண்டிகளை நால்வகையாகப் பிரித்து, எலும்பு முறிந்ததற்கு ஓர் எழுத்தும் தோல் மட்டும் சிதைந்ததற்கு ஓர் எழுத்தும் இடுகின்றனர். வாங்குவோர் அதனைக் கேட்டறியலாம். நம் நாட்டில் பழுது நீக்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைக் கடந்தால் முழு இழப்பெனக் கொண்டு உரியவர்க்குப் பணம் கொடுத்துவிடுகின்றனர். சிதைந்த வண்டி விலைபோகின்றது. அஃது உதிரிகளாய்ப் பிரிவதும் உண்டு. நிமிர்ந்து மீண்டும் சாலைக்கு வருவதும் உண்டு. ஆயினும் காப்பீட்டுப் பத்திரத்தில் ஒரு சிறு சாளரம் இருக்கின்றது. ஈட்டுத் தொகை கேளாத ஆண்டுகளுக்காகக் கட்டணத்தில் 20, 25, 35, 45, 50 விழுக்காடு எனப் படிப்படியாய்த் தள்ளுபடி உயரும். ஒருமுறை கேட்டுவிட்டால் அது சுழியாகும். "ஐந்தாண்டாய் ஒரு கீறலும் விழவில்லை" என்பாரின் பத்திரத்தில் தள்ளுபடி சுழியாயிருந்தால், பத்திரம் இடையில் காலாவதியானதா, அல்லது சொல் பொய்யா என்று கேட்டறிதல் வேண்டும்.

அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அகெர்லாப் 1970இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றியே ஒரு கட்டுரை வரைந்தார். 2001இல் வேறிருவரோடு நோபல் பரிசைப் பெறுவதற்கு அதுவே காரணமாயிற்று. தீய வண்டியை அந்நாட்டார் எலுமிச்சம்பழம் என்பர். (நாமோ நல்ல வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குகின்றோம்.) விற்பவன் குற்றத்தை அறிவான், வாங்குபவன் அறியான், எனவே வாங்குபவன் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலையே கொடுக்க முன்வருவான், அவ்விலைக்கு நல்ல வண்டியுடையவன் விற்க மாட்டான், முடிவில் சந்தையில் எலுமிச்சம்பழங்களே மிகும் என்பது அவர் வாதம். பொய்யால் கெடுவது ஏமாந்தவன் மட்டுமல்லன், மெய்யாக விற்பவனும் கெடுகின்றான் என்பதே அதில் எம்மைச் சிந்திக்க வைத்தது.

சட்டமும் இவ்விடத்தில் வியப்பூட்டுகின்றது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒரு குதிரையை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றது. குறையுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவன் அக்குறையைப் பற்றி வாய் திறவாதிருந்தால் அது மோசடியாகாது. ஆனால் வாங்குபவன், நீ மறுக்காவிடின் குதிரை குறையற்றது என்று கொள்வேன் எனச் சொல்லியபின்னும் அவன் வாளாவிருந்தால், அம்மௌனம் பேச்சுக்கு ஒப்பாகும், மோசடியும் ஆகும். 19ஆம் பிரிவோ, மௌனத்தால் ஏமாந்தவன் சாதாரண முயற்சியால் உண்மையை அறிந்திருக்கக் கூடுமாயின் அவன் ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது என்கின்றது. எனவே வண்டியை ஆராய்தல் வாங்குவோன் கடன் என்றே சட்டமும் கருதுகின்றது. வள்ளுவர் 51ஆம் அதிகாரத்தில் மன்னனுக்கு விதித்ததும் இதுவே: ஆராய்ந்து பின் நம்புக. "நல்ல வண்டிதானா?" என்று கேட்பது பயனற்ற கேள்வி. "இவ்வண்டியின் சட்டத்தில் எங்கேனும் அடிபட்டதுண்டா? இல்லையென்று நீங்கள் சொல்வதை நம்பியே வாங்குகின்றேன், அதை இத்தாளில் எழுதிக் கையொப்பமிடுங்கள்" என்று கேட்டல் வேண்டும். எழுதத் தயங்கும் கை எத்தனையோ கருவிகளினும் தெளிவாகப் பேசும்.

குருவானவரோ எழுத்தில் ஒன்றும் பெறவில்லை. தரகரின் தொலைபேசி சில நாளில் மறுமொழி தருவதை நிறுத்திக்கொண்டது. வண்டியை என் செய்வது என்று சபைக் கமிட்டி கூடிற்று. உறுப்பினர் சிலர், தேய்ந்த டயரை மாற்றி மெருகிட்டு வேறு ஊரில் விற்றுவிடலாம் என்றனர்; நம்மிடம் எவரும் சொல்லவில்லை, நாமும் சொல்ல வேண்டுவதில்லை என்பது அவர்கள் நியாயம். சபையின் பணம் ஏழைகள் தந்தது, அதனை இழக்க நமக்கு உரிமையில்லை என்றார் ஒருவர். அச்சொல்லை எளிதிற் புறக்கணித்துவிட எம்மால் இன்றும் இயலவில்லை. குருவானவர் நெடுநேரம் பேசாதிருந்தார். வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி ஆண்டவர் பரிசேயரிடம் கூறியதன்மேல் அவர் பிரசங்கித்து இரண்டு வாரமே ஆகியிருந்தது. அதை ஒருவரும் நினைவூட்டவில்லை. முடிவில் அவர், அடுத்து இதில் ஏறும் குடும்பத்தையும் நம் சபையாகவே எண்ணுவோம் என்று மட்டும் சொன்னார்.

வண்டியை உதிரிப் பொருள்களுக்காக மெக்கானிக் ஒருவர் 1,40,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். ஏப்ரான், வார், காற்றுப் பை என ஒவ்வொன்றாய்க் குருவானவர் தாமே சுட்டிக் காட்டி, தாளில் எழுதிக் கையொப்பமும் இட்டார். மெக்கானிக் அனைத்தையும் பொறுமையாய்க் கேட்டுத் தலையசைத்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பின்பு விளக்கை எடுத்துக்கொண்டு, தரையில் ஒரு கோணியை விரித்து, வண்டிக்கு அடியில் புகுந்தார்.